பத்து வருட வேலையை எத்தனை கட்டத்தில் எழுதுவது?

மே மாதம் வந்தால் எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளின் தொனி மாறிவிடும். "அண்ணா, ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கும். சந்தேகம் சின்னதாக இருந்ததே இல்லை. கேட்பவர்கள் அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்கள். ஆனால் கல்லூரி முடித்த கையோடு போகிற 22 வயதுப் பிள்ளைகள் இல்லை. ஒருவர் ஒன்பது வருடம் மென்பொருள் எழுதியவர். ஒருவர் பள்ளி ஆசிரியை. இன்னொருவர் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, அப்பாவின் கடைசி வருடங்களில் கூட இருந்து, அப்புறம் 36 வயதில் உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தவர். இப்படி வருகிறவர்களை அங்கே 'நான்ட்ரெடிஷனல்' என்பார்கள். சுற்றி வந்தவர்கள் என்று நான் வைத்துக்கொள்வேன்.

அவர்கள் எல்லோரும் முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் படிவத்தில் 'வொர்க் அண்ட் ஆக்டிவிட்டீஸ்' பகுதி, அதாவது செய்த வேலைகளையும் செயல்பாடுகளையும் ஒவ்வொரு கட்டமாக எழுதுகிற இடம். 21 வயதுக்காரருக்கு 15 கட்டத்தை எதைப் போட்டு நிரப்புவது என்ற கவலை. நமக்கு எதை விடுவது என்ற கவலை.

நான் முதல் முறை விண்ணப்பித்தபோது 15-இல் 6 கட்டங்களை அலுவலக வேலைக்கே கொடுத்தேன். ஒரு நேர்காணல்கூட வரவில்லை. அடுத்த முறை அதே வேலைகளை 2 கட்டத்தில் எழுதினேன், இடம் கிடைத்தது. கட்டத்தைக் குறைத்ததால்தான் கிடைத்தது என்று சொன்னால் பொய். நடுவில் ஒரு வருடம் ஹாஸ்பிஸில் (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கிற இடம்) தன்னார்வலராகப் போனேன், மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மறுபடி எழுதினேன். ஆனால் இரண்டு படிவங்களையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதல் ஆளை நானே நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

## படிவம் தருகிற இடம்

தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அதிகபட்சம் 15 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை (சம்பள வேலை, தன்னார்வப் பணி, ஆராய்ச்சி, கற்பித்தல், ராணுவம், பொழுதுபோக்கு என்று பட்டியலிலிருந்து ஒன்று), நிறுவனத்தின் பெயர், தேதிகள், மொத்த மணி நேரம், உறுதி சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு, பிறகு 700 எழுத்தில் விவரிப்பு. இடைவெளியும் எழுத்துக் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் அது நூறு சொல்லைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இவற்றில் 3 வரை 'மோஸ்ட் மீனிங்ஃபுல்', அதாவது எனக்கு மிகவும் பொருளுள்ளவை, என்று குறிக்கலாம். குறித்ததற்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள் கிடைக்கும். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எதுவும் நிற்காது. வரிசையை உங்கள் விருப்பப்படி மாற்றவும் முடியாது, தேதிப்படிதான் அடுக்கும். சமர்ப்பித்த பிறகு இந்தப் பகுதியில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது.

ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். ஒருவரே பல கல்லூரிகளுக்குப் போடுவதால் ஒவ்வொரு கல்லூரியிலும் குவிகிற படிவங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் பத்து வருடத்தைப் படிப்பவர் அந்தக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறார்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த வழியில் எழுதினாலும் நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்ப்பேன்.

முதலாவது, உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு நீங்கள் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று புரிகிறதா? படிப்பவர் குழந்தை மருத்துவராகவோ உயிர்வேதியியல் பேராசிரியராகவோ இருப்பார். 'எண்ட்-டு-எண்ட் டெலிவரி' என்றால் அவருக்குப் பிரசவம்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது, நோயாளிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்ற இடம் கண்ணில் படுகிறதா, அல்லது பழைய வேலைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதா?

மூன்றாவது, மணிக்கணக்கு கூட்டினால் சரியாக வருகிறதா? முழுநேர வேலை ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மணி நேரம். ஒன்பது வருடம் என்றால் 18,000. இந்த எண் சும்மா இருக்காது, பக்கத்தில் உள்ள எல்லா எண்ணையும் சின்னதாக்கும்.

நான்காவது, சாட்சி. ஒவ்வொரு கட்டத்துக்கும் "ஆமாம், இவர் இங்கே இருந்தார்" என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஐந்தாவது, நேர்காணலில் அந்த ஒரு கட்டத்தைத் தொட்டுக் கேட்டால் பத்து நிமிடம் பேச உங்களிடம் விஷயம் இருக்கிறதா?

இந்த ஐந்தில் எனக்கு முக்கியம் முதல் இரண்டு. நான்காவதுதான் கடைசி வாரத்தில் தூக்கத்தைக் கெடுக்கும்.

## முதல் வழி: எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் கட்டிவிடுவது

'மென்பொருள் பொறியாளர், 2014 முதல் 2023 வரை, 18,000 மணி நேரம்.' மூன்று நிறுவனங்கள் இருந்தால் கடைசி நிறுவனத்தைப் பெயரிடத்தில் போட்டு, மற்ற இரண்டையும் விவரிப்பில் ஒரு வரியில் சொல்வது. ஒரே கட்டத்தில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று நான்கு காலகட்டங்கள் வரை கொடுக்கப் படிவம் அனுமதிக்கிறது. ஆனால் பெயரும் தொடர்பும் ஒன்றுதான்.

இதில் லாபம் வெளிப்படை. மீதி 14 கட்டங்கள் காலியாகக் கிடைக்கும். புரிகிறதா என்ற கேள்விக்கும் நல்ல பதில், ஏனென்றால் 700 எழுத்தில் மூன்று வேலையைச் சொல்லவேண்டுமென்றால் தொழில்நுட்பச் சொற்கள் தானாகவே உதிர்ந்துவிடும்.

மறைந்திருக்கிற செலவு வேறு. பத்து வருடத்தில் நீங்கள் மாறியிருப்பீர்கள். முதல் வருடம் சொன்னதைச் செய்தவர் ஐந்தாவது வருடம் ஆறு பேரின் வேலைக்குப் பதில் சொல்பவராக ஆகியிருப்பார். ஒரே கட்டத்தில் அந்த வளர்ச்சி நசுங்கிவிடும். "வேலை பார்த்தார், விட்டுவிட்டார்" என்று மட்டும் தெரியும். அதோடு 18,000 என்ற எண் பாறை மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கட்டத்தில் கிளினிக்கில் 200 மணி நேரம் என்றால் படிப்பவர் மனக்கணக்குப் போடாமல் இருக்க மாட்டார்: 90-க்கு 1. ஆனால் அதே பாறை உங்களுக்கு நிழலும் தரும். அந்த 200 மணி நேரமும் முழுநேர வேலைக்கு நடுவில், சனி ஞாயிறுகளில் எடுத்தது என்பதை நீங்கள் சொல்லாமலே அது சொல்லிவிடும்.

யாருக்கு இது பொருந்தும்? வேலையின் சாரம் பத்து வருடமும் ஒன்றாகவே இருந்தவர்களுக்கு. மூன்று உணவகங்களில் பரிமாறியவர், நான்கு கடைகளில் கணக்கு எழுதியவர், பெயர்ப்பலகை மட்டும் மாறி நாற்காலி மாறாத பொறியாளர். கல்லூரிக் காலத்தில் பிழைப்புக்காகச் செய்த உதிரி வேலைகளையும் இப்படி ஒரே மூட்டையாகக் கட்டலாம். ஆனால் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். வாரம் 20 மணி நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வேதியியல் படித்தவர் அதை எழுத வெட்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் ஏன் அந்த இரண்டு பருவங்களில் சரிந்தது என்பதற்குப் படிவத்தில் இருக்கிற ஒரே விடை சில நேரம் அந்தப் பாத்திரம்தான்.

## இரண்டாம் வழி: வேலைக்கு ஒரு கட்டம்

ரெஸ்யூமே பழக்கம் உள்ளவர்களுக்கு இயல்பாக வருவது இதுதான். எனக்கும் இதுதான் வந்தது. நிறுவனம் மாறினால் புதுக் கட்டம், பதவி உயர்ந்தால் இன்னொன்று. தேதிகள் சுத்தமாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மேலாளர் சாட்சி, மணிக்கணக்கிலும் குழப்பமில்லை. மூன்றாவது நான்காவது கேள்விகளுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் படித்துப் பாருங்கள், எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆறு கட்டத்திலும் ஒரு குழு, ஒரு கெடு, ஒரு சதவீதம். மூன்றாவது கட்டத்திலேயே படிப்பவரின் கண் வழுக்கும். அப்படி வழுக்கிய கண் அடுத்து வருகிற இலவச மருத்துவமனைப் பணியையும் சேர்த்துத் தாண்டிப் போய்விடும். வரிசையை நாம் மாற்ற முடியாது என்பதால் நல்லதை மேலே தூக்கி வைக்கவும் வழியில்லை. 15 இடத்தில் 6 போனது செலவு என்று நினைத்தேன். உண்மையான செலவு, மீதி 9-ஐ யாரும் நிதானமாகப் படிக்கவில்லை என்பது. கட்டம் மிச்சம் இருக்கிறதே என்று நிரப்பக் கூடாது. தீர்ந்துபோவது கட்டம் இல்லை, படிப்பவரின் பொறுமை.

சாட்சிப் பிரச்சினையும் இங்கே பெருகும். ஆறு கட்டம் என்றால் ஆறு தொடர்புகள். எட்டு வருடத்துக்கு முந்தைய மேலாளர் எங்கே இருக்கிறாரோ. நிறுவனமே இன்னொன்றால் விழுங்கப்பட்டிருக்கும்.

இருந்தாலும் இந்த வழியைத் தள்ளிவிட முடியாது. செவிலியர், பாராமெடிக், மூச்சுச் சிகிச்சை நிபுணர், மருந்தாளுநர் போல வேலையே மருத்துவமாக இருந்தவர்களுக்கு இதுதான் சிறந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வருடமும் பள்ளிச் செவிலியராக இரண்டு வருடமும் இருந்தவர் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நஷ்டம் அவருக்குத்தான். இரவு மூன்று மணிக்கு வென்டிலேட்டர் அலறுவதும், ஆஸ்துமா குழந்தையின் அம்மாவைத் தொலைபேசியில் தேற்றுவதும் ஒரே மூட்டைக்குள் அடங்காது. முற்றிலும் வேறு வேறு துறைகளில் இருந்தவர்களுக்கும் இதுவே சரி. நான்கு வருடம் வழக்கறிஞர், மூன்று வருடம் ரொட்டிக் கடை என்றால் இரண்டு கட்டம் கொடுங்கள். ரொட்டிக் கடையைப் பற்றித்தான் நேர்காணலில் கேட்பார்கள்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பட்டியலில் தனி வகையே உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படையில் வீரராக இருந்து, பிறகு ஹார்வர்டில் மருத்துவம் முடித்து, நாசாவின் விண்வெளி வீரரும் ஆன ஜானி கிம்மை நம் வீடுகளில் உதாரணம் காட்டுவார்கள். அவர் படிவம் எப்படி இருந்ததோ தெரியாது. அதோடு உங்களுடையதை ஒப்பிட்டு மனம் உடைந்துபோக வேண்டாம்.

## மூன்றாம் வழி: பொறுப்பு மாறிய இடத்தில் பிரிப்பது

இது என் கட்சி, முன்பே சொல்லிவிடுகிறேன்.

நிறுவனம் மாறியதையும் பதவிப் பெயர் மாறியதையும் மறந்துவிடுங்கள். ஒரே ஒரு கேள்வி: நான் தப்பு செய்தால் அது யார் தலையில் விழுந்திருக்கும்? அந்தப் பதில் மாறிய இடத்தில் கத்தரியை வையுங்கள்.

என் ஒன்பது வருடத்தை அப்படி வெட்டியபோது இரண்டு துண்டுதான் வந்தது. முதல் துண்டு, மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மென்பொருள். முதல் விண்ணப்பத்தில் அதை இப்படி எழுதியிருந்தேன்: 'மூத்த பொறியாளராக விநியோகிக்கப்பட்ட அமைப்புகளை வடிவமைத்து, செயல்திறனை உயர்த்தி, பல குழுக்களை ஒருங்கிணைத்தேன்.' ஒரு பொய்யும் இல்லை, ஒரு மனிதனும் இல்லை. இரண்டாம் முறை எழுதியது வேறு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் மாற்றிய ஒரே ஒரு வரியால் வார இறுதியில் சில நூறு பேரின் கோரிக்கைகள் தவறாக நிராகரிக்கப்பட்டன. திங்கள் காலை கண்டுபிடித்தது நான், மேலாளரிடம் போய்ச் சொன்னதும் நான். பிறகு இரண்டு வாரம் ஒவ்வொரு கோரிக்கையாக உட்கார்ந்து பார்த்தேன். அதில் ஒன்று டயாலிசிஸ் போகிற ஒருவருடையது. அதுவரை எனக்கு அவை எண்களாக மட்டுமே இருந்தன. நான் போன இரண்டு நேர்காணல்களிலும் கேட்கப்பட்டது அந்த வெள்ளிக்கிழமைதான்.

இரண்டாம் துண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அங்கே நான் சொதப்பினால் அடிபடுவது காப்பீட்டுக்காரர் இல்லை, கல்லூரி முடித்து வந்து நடுங்கிக்கொண்டிருக்கிற பையன். அதனால் அது தனிக் கட்டம், 'கற்பித்தல்' வகையில்.

ஆசிரியைக்கும் இதே கத்தரிதான். வகுப்பறையில் குழந்தைகள், துறைத் தலைவரானபோது மற்ற ஆசிரியர்கள். இரண்டு கட்டம். ஐந்து வருடம் ஐந்தாம் வகுப்பு, பிறகு பள்ளி மாறி மூன்று வருடம் ஆறாம் வகுப்பு என்றால் ஒன்று போதும்.

இந்த வழிக்கும் விலை உண்டு, அது மணிக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. பயிற்சி கொடுத்தது 400 மணி நேரம் என்று தனியாக எழுதினால், முதல் கட்டத்தில் 18,000-இலிருந்து அதைக் கழித்து 17,600 என்று போடவேண்டும். கழிக்காமல் விட்டால் ஒரே மணியை இரண்டு முறை விற்றதாக ஆகும். படிவத்தின் முடிவில் எல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுக்கிறோம். முரண்பாடு தெரிந்தால் விசாரிக்கிற ஏற்பாடும் உண்டு. விவரிப்பிலேயே 'இந்த மணி நேரம் முந்தைய பதிவில் சேர்க்கப்படவில்லை' என்று அரை வரி எழுதிவிட்டால் நல்லது.

இன்னொரு ஆபத்து, ஒரே நிறுவனத்தின் பெயர் மூன்று முறை வந்தால் இட்டு நிரப்பியது போல் தெரியும். வேலையிலிருந்து இரண்டுக்கு மேல் வெட்டாதீர்கள். மூன்றாவது துண்டு கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால், அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் மூன்றாவது நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும்.

பொறுப்பு எப்போதும் மாறவே இல்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. இல்லாத வளர்ச்சியைக் காட்டப் பிரிப்பதைவிட முதல் வழி எவ்வளவோ மேல்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | ஒரே கட்டம் | வேலைக்கு ஒன்று | பொறுப்புக்கு ஒன்று |
|---|---|---|---|
| வெளியாளுக்குப் புரியுமா | புரியும், மேலோட்டமாக | தொழில்மொழி மிகும் | நன்றாகப் புரியும் |
| நோயாளிப் பணி தெரியுமா | தெரியும் | மறைந்துபோகும் | தெரியும் |
| மணிக்கணக்கு | எளிது, எண் மிரட்டும் | எளிது | கழித்துப் போடவேண்டும் |
| சாட்சி | ஒருவர் | பலர் | ஒருவர் அல்லது இருவர் |
| எழுதப் பிடிக்கும் உழைப்பு | ஒரு மாலை | ஒரு வார இறுதி | பல வாரம் |
| யாருக்கு | வேலையின் சாரம் மாறாதவர் | மருத்துவப் பணியாளர், பல துறை கண்டவர் | ஒரே துறையில் வளர்ந்தவர் |

கடைசிக்கு முந்தைய வரியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமையை 700 எழுத்துக்குள் கொண்டுவர எனக்குப் பதினோரு வரைவுகள் ஆயின.

## அந்த மூன்றில் பழைய வேலைக்கு இடம் உண்டா

'மோஸ்ட் மீனிங்ஃபுல்' மூன்றையும் புது வாழ்க்கையிலிருந்தே எடுப்பதா, பழைய வேலைக்கு ஒன்று கொடுப்பதா? நண்பர்கள் இதில் இரண்டு கட்சி. மூன்றும் மருத்துவம், சேவை என்று இருந்தால்தான் நாம் மனம் மாறியது உறுதி என்று தெரியும் என்பார்கள் ஒரு சாரார். எனக்கு அதில் கொஞ்சம் பயந்த வாசனை அடிக்கிறது. வாழ்க்கையின் மூன்றில் ஒரு பங்கை எதில் கழித்தோமோ அதில் பொருள் எதுவும் இல்லை என்று நாமே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகும். ஒன்று பழையது, இரண்டு நோயாளியும் சேவையும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

ஆனால் ஒரு விதிவிலக்கு. ஏன் மருத்துவம் என்று சொல்கிற 5,300 எழுத்துப் பர்சனல் ஸ்டேட்மென்ட் கட்டுரையில் நீங்கள் ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று முன்பே விரிவாக எழுதியிருந்தால், அதே கதைக்கு இங்கே இன்னொரு 1,325 எழுத்து வீண். அப்போது பழைய வேலை 700-இல் அடங்கட்டும். கல்லூரிகள் பின்னால் அனுப்புகிற செகண்டரி கட்டுரைகளிலும் இதே கேள்வி வரும், அப்போது சொல்ல மிச்சம் வையுங்கள்.

நோயாளிப் பணியே 80 மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு. எப்படி எழுதுவது என்பது உங்கள் பிரச்சினை இல்லை. இன்னும் ஒரு வருடம் ஸ்க்ரைப் வேலையோ (மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது கூட இருந்து குறிப்பெழுதுவது), ஹாஸ்பிஸோ, ஆம்புலன்ஸோ போய்விட்டு வாருங்கள். இனிமேல் செய்யப்போகிற மணி நேரத்தைத் தனியாகக் குறிக்கவும் படிவத்தில் இடம் இருக்கிறது. அது உண்மையிலேயே தொடர்கிற பணிக்கு. எதிர்பார்ப்பு 600, செய்து முடித்தது 40 என்று போட்டால் எண்களே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

## வீட்டில் இருந்த வருடங்கள்

அப்பாவைப் பார்த்துக்கொண்ட இரண்டு வருடத்தைக் கட்டமாகப் போடலாமா, வெறும் இடைவெளியாக விடலாமா? நம்மவர்கள் விட்டுவிடுவார்கள். "பெத்தவங்களைப் பார்த்துக்கிறதை எல்லாம் எழுதுவாங்களா அண்ணா?" என்று கேட்ட தங்கையிடம் அரைமணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

எழுதுவார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் நான்கு மணி நேரம் கூட உட்கார்ந்தது, உப்பும் பொட்டாசியமும் கணக்குப் பார்த்துச் சமைத்தது, மருந்து மாறும்போதெல்லாம் அட்டவணையை மாற்றியது எல்லாம் வேலைதான். வகையில் 'இதர' என்று போடுங்கள்; கிளினிக்கல் தன்னார்வப் பணி என்று போட்டுப் பெருக்காதீர்கள். மணிக்கணக்கில் 24-ஐ 365-ஆல் பெருக்கக் கூடாது. உண்மையில் கை வேலை செய்த நேரத்தை மட்டும் எண்ணுங்கள். சாட்சிக்குக் குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆள் கிடைத்தால் நல்லது, டயாலிசிஸ் மையத்துச் சமூகப் பணியாளர் மாதிரி.

அந்தத் தங்கையின் கட்டத்தில் ஒரு வரி எனக்கு மறக்கவில்லை. வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று செவிலியர் கேட்பார். அப்பா "இருக்கு, பரவாயில்லை" என்பார். அந்தப் 'பரவாயில்லை' மூன்றா எட்டா என்று அவருடைய புருவத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பது இவள் வேலை. இதை எழுதாமல் விட இருந்தாள்!

இதற்கு மாற்று இடமும் உண்டு. 2024 சேர்க்கைச் சுற்றிலிருந்து படிவத்தில் வாழ்க்கையின் தடைகளைப் பற்றிச் சொல்ல 1,325 எழுத்தில் தனிக் கட்டுரை இருக்கிறது, விருப்பமிருந்தால் எழுதலாம். எது எங்கே? நீங்கள் செய்தது கட்டத்தில், உங்களுக்கு நேர்ந்தது கட்டுரையில். அப்பாவின் நோயால் படிப்பு நின்றது, பணம் கரைந்தது என்பது கட்டுரைக்கு. அவருக்கு ஊசி போட்டது கட்டத்துக்கு. இரண்டிலும் ஒன்றையே எழுதினால் இரண்டும் நீர்த்துப்போகும்.

குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கேட்டால் என் பதில் அவ்வளவு உறுதியாக இருக்காது. தேதிகளில் இரண்டு மூன்று வருட ஓட்டை விழுகிறது என்றால் ஒரு கட்டம் கொடுங்கள், சுருக்கமாக, வேடிக்கை பண்ணாமல். 'வீட்டின் தலைமைச் செயல் அதிகாரி' என்று பட்டம் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

## மீதிச் சில்லறை

ஷேடோயிங்கை, அதாவது மருத்துவர் கூடவே இருந்து அவர் வேலையைக் கவனித்ததை, எத்தனை மருத்துவரிடம் போயிருந்தாலும் ஒரே கட்டத்தில் போடுங்கள். பெயர், துறை, மணி நேரம் என்று வரிசையாக. யோசிக்கவே வேண்டாம்.

சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நம்மில் பலருக்கு இருக்கும். கற்பித்தலா, சேவையா? மருத்துவமனைக்கு வெளியே வேறு சேவை இல்லையென்றால் சேவை வகையில் போடலாம். ஆனால் அது மட்டுமே சேவை என்றால் எனக்கு உதைக்கும், ஏனென்றால் அது நம் பிள்ளைகளுக்கு நாமே செய்தது. நம் வட்டத்துக்கு வெளியே ஒன்று, உணவு வங்கியோ வீடற்றோர் விடுதியோ, பக்கத்தில் இருந்தால் இதை நிம்மதியாகக் கற்பித்தலில் வைக்கலாம்.

ஊரில் இருந்தபோது சென்னையிலோ கோவையிலோ பார்த்த வேலையும் வேலைதான், இந்திய எண்ணைச் சாட்சியாகக் கொடுக்கலாம். இந்தியாவில் வாங்கிய மதிப்பெண்களை ஆம்காஸ் தன் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், இங்கே மறுபடி எடுத்த அறிவியல் பாடங்களையும் பெருமையாகக் கட்டத்தில் போடத் தோன்றும். வேண்டாம், அவற்றுக்குப் பாடப் பகுதி தனியாக இருக்கிறது.

எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தருகிற ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ் என்ற வேறு படிவம். அங்கே எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆனால் கட்டத்துக்கு 600 எழுத்துதான். ஆம்காஸில் எழுதியதை அப்படியே ஒட்டினால் கடைசி வாக்கியம் வெட்டுப்படும், பெரும்பாலும் அதுதான் நல்ல வாக்கியமாக இருக்கும். இரண்டுக்கும் போடுகிறவர்கள் முதலில் 600-க்கு எழுதிவிட்டு, ஆம்காஸில் 100 எழுத்து கூட்டுவது சுலபம். வரம்பு இல்லை என்பதற்காக இரண்டாம் வழிக்குத் தாவ வேண்டாம். படிக்கிறவர் அங்கேயும் மனிதர்தான். டெக்சஸ் மாநிலத்தின் பொதுக் கல்லூரிகளுக்கு இன்னொரு படிவம் இருக்கிறது. அதன் எழுத்துக் கணக்கை அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தன் வேலையை எத்தனை கட்டத்தில் எழுதுவது என்று இந்த மே மாதம் கேட்ட ஒரு தம்பிக்கு என்ன ஆனது என்று சொல்லி முடிக்கிறேன். ஒன்பது வருட மென்பொருள், மூன்று நிறுவனங்கள். வெட்டிப் பார்த்ததில் பொறுப்பு ஒரே ஒரு முறைதான் மாறியிருந்தது, அதனால் இரண்டு கட்டம். ஸ்க்ரைப் வேலை ஒன்று, இலவச மருத்துவமனை ஒன்று, அப்பா ஒன்று, ஷேடோயிங் ஒன்று, உணவு வங்கி ஒன்று, தமிழ்ப் பள்ளி ஒன்று, ஆராய்ச்சி ஒன்று, மிருதங்கம் ஒன்று. மொத்தம் 10. மீதி ஐந்து காலி. "காலியா விட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டான். மாட்டார்கள் என்று இரண்டு முறை சொன்னேன். இப்போது பாக்கி இருப்பது ஒன்றுதான்: முதல் நிறுவனம் மூடிப்போய் நான்கு வருடமாகிறது. அன்றைய மேலாளர் ஹூஸ்டனில் எங்கேயோ இருக்கிறாராம். அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்கும்வரை சமர்ப்பிக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.